கல்வட்டத்தைத் தோண்ட யாரிடம் அனுமதி கேட்பது?

ஊட்டி பிரீக்ஸ் பள்ளி நம் எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். அந்த பிரீக்ஸ் யார் என்று யோசித்ததுண்டா? ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், நீலகிரியின் முதல் கமிஷனர். 1872இல் அவர் இறந்த பிறகு, அவர் நினைவாக 1874இல் தொடங்கியது அந்தப் பள்ளி. நம் மலைமுகடுகளில் வட்டமாகக் கல் அடுக்கிய பழைய ஈமச்சின்னங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றைத் தோண்டிப் பார்த்தவர்களில் முக்கியமானவரும் அவரே.

தூனேரி போன்ற இடங்களில் அவர் தோண்டினார். இந்த மலைக் கல்வட்டங்களில் கிடைத்தவை கொஞ்சமல்ல. மூடியின் மேல் எருமையும் மற்ற விலங்குகளும் நிற்கும் மண்கலங்கள், வெண்கலக் கிண்ணங்கள், இரும்பு ஆயுதங்கள், மணிகள், பொன் நகைகள். இன்று அவற்றைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிரீக்ஸ் யாரிடம் அனுமதி கேட்டிருப்பார்? மலைக்கே தலைமை அதிகாரி அவர்தான். ஆனாலும் கண்டதை எழுதி வைத்தார். அது 1873இல் நூலாக வந்தது. அவரைத் தவிர இங்கே தோண்டிய பலர் அதைக்கூடச் செய்யவில்லை. எந்தப் பொருள் எந்தக் குழியில், எதன் பக்கத்தில் இருந்தது என்ற விவரம் போய்விட்டால், கையில் மிஞ்சுவது வெறும் கிண்ணம்தான். அதன் காலமென்ன, வைத்தவர் யார் என்பதை அந்தக் கிண்ணம் தனியாகச் சொல்லாது.

பிரீக்ஸ் இறந்து 6 ஆண்டுகள் கழித்து, 1878இல் இந்தியப் புதையல் சட்டம் வந்தது. இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான். மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்பது அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போய்விடும். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இப்போது மெட்டல் டிடெக்டர் விஷயத்துக்கு வருவோம். யூடியூபில் இங்கிலாந்துக்காரர்கள் வயலில் நடந்து நாணயம் எடுப்பதைப் பார்த்து, விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கும் ஆசை வருவது இயல்பு. அங்கே நில உரிமையாளர் சம்மதித்தால், பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் தவிர மற்ற இடங்களில் தேடலாம். புதையல் என்று கருதத்தக்கது கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

"இங்கேயும் எஸ்டேட் ஓனர் சரி என்றால் போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. அவர் சம்மதம் அத்துமீறி நுழைந்த குற்றத்திலிருந்துதான் உங்களைக் காக்கும். தொல்பொருளுக்காகத் தோண்ட அரசின் உரிமம் வேண்டும். கீழடியில் தமிழக அரசின் தொல்லியல் துறையே மத்திய அரசின் ஒப்புதல் வாங்கித்தான் குழி வெட்டியது. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம். வெலிங்டன் பக்கம் ராணுவ நிலம். ஆகவே, பொழுதுபோக்காகத் தோண்டுவதற்கு இங்கே வழியில்லை.

ஆனால் தேடாமலே கிடைப்பதுண்டு. தேயிலைக்குக் குழி எடுக்கும்போதோ, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ ஒரு கலம் தட்டுப்படலாம். அப்போது வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கழுவ வேண்டாம், வெளியே எடுக்கவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் மூலம் தகவல் சொல்லுங்கள். ஆட்சியருக்குக் கடிதமும் கொடுங்கள்.

நடைப்பயிற்சி போகும் வழியில் கல்வட்டம் கண்ணில் பட்டால், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதிலிருந்து ஒரு கல்லைக்கூட நகர்த்த விடாதீர்கள். அதற்குள் என்ன இருந்தாலும், பொறுமையாக எழுதி வைத்து எடுப்பவர் வரும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.