சாவி கேளாக் கடிகாரம்

காலையில் எழுந்ததும் கைக்கடிகாரத்திற்குச் சாவி கொடுப்பது நம் தந்தையர் பலர்க்கும் தவறாத கடமையாக இருந்தது. மறந்தால் மறுநாள் முள் நின்றுவிடும். சில இல்லங்களில் மட்டும் சாவி கேளாமலே ஓடும் கடிகாரம் ஒன்று இருந்தது. அணிந்தவர் கை வீசி நடந்தால் போதும். அது தானே முறுக்கேறிக் கொள்ளும். ‘ஆட்டோமேட்டிக்’ என்று பெருமையோடு அழைக்கப்பெற்ற அந்தச் சுவிட்சர்லாந்துக் கடிகாரங்களின் வரலாற்றையும், அவற்றை மேனி மாறாமல் காக்க வேண்டியதன் தேவையையும் ஈண்டுச் சிறிது காண்போம்.

இக்கருத்து மிகப் பழையது. ஜூரா மலைப்பகுதியில் லெ லோக்ல் என்னும் ஊரில் வாழ்ந்த ஆபிரகாம் லூயி பெரெலே, 1777-ஆம் ஆண்டளவில் தானே முறுக்கேறும் சட்டைப்பைக் கடிகாரத்தைச் செய்தார் என்பர். ஆயினும் பையில் உறங்கும் கடிகாரத்திற்கு அசைவு குறைவு. கடிகாரம் மணிக்கட்டிற்கு ஏறிய பின்னரே அக்கருத்து முழுப்பயன் தந்தது. ஜான் ஹார்வுட் என்னும் ஆங்கிலேயர், சாவித்தண்டு நுழையும் துளை வழியே தூசியும் ஈரமும் புகுவதைக் கண்டு, அத்துளையே இல்லாத கைக்கடிகாரத்தைச் செய்ய முனைந்தார். 1924-இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமையும் பெற்றார். அவரது கடிகாரத்தினுள் ஓர் எடை இப்பாலும் அப்பாலும் ஊசலாடி, தடுப்பு வில்களில் முட்டித் திரும்பி, சுருள்வில்லை முறுக்கிற்று. முள்ளைத் திருத்துவதற்குக் கண்ணாடியைச் சூழ்ந்த வளையத்தைத் திருப்ப வேண்டும். உலகப் பொருளாதார மந்தத்தில், 1931-இல், அவரது தொழில் நொடித்தது. அதே ஆண்டில் ரோலெக்ஸ் நிறுவனம், எங்கும் முட்டாது முழுவட்டமாகச் சுழலும் எடையை அமைத்து வெற்றி கண்டது.

பின்னர் வந்த இருபது ஆண்டுகள் போட்டியின் காலம். எடை எத்திசையில் சுழன்றாலும் முறுக்கேறும் பொறியை 1942-இல் ஃபெல்சா வெளியிட்டது. 1948-இல் எடெர்னா நிறுவனம், சுழலும் எடையைச் சின்னஞ்சிறு எஃகுக் குண்டுகளின் மேல் அமர்த்தி உராய்வைக் குறைத்தது. அதன் இலச்சினையில் காணும் ஐந்து புள்ளிகள் அக்குண்டுகளையே குறிக்கும். ஷாஃப்ஹவுசன் நகரின் ஐ.டபிள்யூ.சி. ஆலையில் ஆல்பர்ட் பெல்லட்டன் வகுத்த முறுக்குமுறை 1950-இல் கடிகாரத்தில் இடம்பெற்றது. ஒமேகா, 1943 முதல் கையாண்ட முட்டும் எடையை 1950-களின் நடுவில் விடுத்து முழுச்சுழற்சிக்கு மாறிற்று. எனவே, ஒரு பழைய ஒமேகாவை மெல்ல அசைத்து, எடை முட்டுகிறதா, தடையின்றிச் சுழல்கிறதா என்று விரலால் உணர்ந்தே அதன் காலத்தை ஒருவாறு மதிப்பிடலாம்.

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலாளர் தொகை ஏறத்தாழ 90,000-இலிருந்து 30,000 அளவிற்குச் சுருங்கிற்று. பட்டறைகள் பல மூடப்பட்டன. அவற்றின் பழைய கடிகாரங்களுக்கு உரிய உதிரி உறுப்புகள் அருகின. எஞ்சிய கடிகாரங்களே அக்கைத்திறனுக்குச் சான்றுகளாயின.

நம் நாட்டிற்கும் இவற்றிற்கும் நெடுநாள் உறவுண்டு. ஃபேவர்-லூபா, வெஸ்ட் எண்ட் ஆகிய பெயர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே பம்பாய்க் கடைவீதியில் வேரூன்றியவை. பெங்களூரில் எச்.எம்.டி. ஆலை 1961-இல் தோன்றும் வரை நல்ல கைக்கடிகாரம் என்றாலே பெரும்பாலும் அயல்நாட்டதுதான். பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம்மவர் சிலரும் முதற் சேமிப்பில் அத்தகைய கடிகாரம் ஒன்றை வாங்கினர்.

எம் தந்தையார் அவ்வாறு வாங்கிய கடிகாரம் ஒன்று எம்மிடம் இருந்தது. அதன் முகப்பு பழுத்த ஓலையின் நிறம் கொண்டிருந்தது. இல்லத் திருமணத்தை ஒட்டி அதனை ஒரு கடையில் பழுது பார்க்கக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது முகப்பு பளபளத்தது, எழுத்துகள் தடித்திருந்தன. “பழைய முகப்பு எங்கே?” என்றோம். “அதே தகடுதான், சுரண்டிப் புது வண்ணம் பூசியிருக்கிறேன்” என்றார் கடைக்காரர். அவர்மேல் குறையில்லை, புதிதுபோல் ஆக்கித் தருக என்று கேட்டவர் யாமே. தந்தையார் நாள்தோறும் நோக்கிய முகம் மட்டும் இனித் திரும்பாது.

ஆதலால், பழங்கடிகாரம் திரட்டுவோர் பளபளப்பை மதிப்பதில்லை; மெய்ம்மையையே மதிப்பர். கூட்டின் விளிம்புகள் தேய்க்கப்படாமல் கூராக உள்ளனவா, முகப்பின் எழுத்துகள் நுண்மையாகவும் ஒரே சீராகவும் உள்ளனவா, முள்ளும் பொறியும் ஒரே காலத்தனவா என்று நோக்குவர். முகப்பின் அடியில் ‘சுவிஸ்’ என்ற சொல்லின் இருமருங்கும் ‘டி’ என்னும் எழுத்து இருந்தால், அது டிரிட்டியம் கலந்த ஒளிப்பூச்சைக் குறிக்கும். அவ்வழக்கம் 1960-களில் பரவியது. 1950-ஆம் ஆண்டினது என்று சொல்லப்படும் கடிகாரத்தில் அக்குறி காணப்படின் முகப்பு மாற்றப்பட்டிருத்தல் வேண்டும். பழைய ஒளிப்பூச்சு இன்றும் இருளில் நன்கு ஒளிர்ந்தால் அதுவும் ஐயத்திற்குரியதே.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 1950-களின் ஒளிப்பூச்சுகளில் ரேடியம் கலந்திருந்தது. ஒளி மங்கிய பின்னும் ரேடியத்தின் கதிர்வீச்சு ஓய்வதில்லை. அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். அத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறத்தலும், முகப்பைச் சுரண்டுதலும் ஆகா. குழந்தைகளிடம் விளையாடக் கொடுத்தலும் ஆகாது.

நம் காலனி இல்லங்களில் பெட்டிக்குள் உறங்கும் கடிகாரங்கள் இன்னும் சில இருக்கக்கூடும். தக்க தொழிலாளரிடம் பொறியைத் தூய்மை செய்து எண்ணெய் இடச் செய்யுங்கள். “முகப்பையும் கூட்டையும் தொடாதீர்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கி வையுங்கள். யார், எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தச் சம்பளத்தில் வாங்கினார் என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதைக் கேட்டறிதல் நன்று. கடிகாரம் நின்றால் மீண்டும் ஓட்டலாம். அழிந்த முகத்தையும் கேளாமல் விட்ட கதையையும் மீட்க ஒண்ணாது.