எத்தனை கரண்டு? மார்பகக் கதிர் சிகிச்சையின் நாள்கள் சுருங்கிய வரலாறு

நம் ஊர்ப் பக்கங்களில் கதிர்வீச்சு சிகிச்சையை அந்தப் பெயரில் சொல்பவர்கள் குறைவு. ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். மார்பில் கட்டியை எடுத்துவிட்டு வந்த பெண்ணிடம் அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வியும் ‘எத்தனை கரண்டு சொல்லியிருக்காங்க?’ என்பதுதான். வலியைப் பற்றியோ செலவைப் பற்றியோ உள்ள கேள்விகள் பிறகுதான் வரும். விருத்தாசலத்துப் பீங்கான் கூடத்தில் அச்சிலிருந்து பொம்மை எடுப்பவரானாலும், பக்கத்துக் கிராமத்தில் முந்திரிக் கொட்டை உடைப்பவரானாலும், அந்த எண்ணை வைத்துத்தான் எத்தனை நாள் கூலி போகும், பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட முடியும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை விருத்தாசலத்திலிருந்து இரண்டரை, மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். அடையாறு புற்றுநோய் நிறுவனம் 200 கிலோமீட்டருக்கும் அப்பால். சனி, ஞாயிறு நீங்கலாக 25 கரண்டு என்றால் ஐந்து வாரம்.

இந்த 25 எங்கிருந்து வந்தது, எப்படி 15 ஆயிற்று, எப்படி 5 வரை இறங்கியது என்பதே இக்கட்டுரையின் பொருள். உயிரியல் இந்த எண்ணை எவ்வளவு தீர்மானித்ததோ, அதே அளவுக்குப் பழக்கமும் கருவிப் பற்றாக்குறையும் தீர்மானித்தன என்பதே நான் வந்தடைந்த முடிவு.

முதலில் அறுவைச் சிகிச்சையின் பக்கம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மார்பகப் புற்றுநோய் என்றால் மார்பகத்தை முழுதாக அகற்றுவது என்றே பொருள். 1973இல் மிலானில் உம்பெர்தோ வெரோனேசியும், 1976இல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் தொடங்கிய ஆய்வுகள் இதை மாற்றின. கட்டியையும் அதைச் சுற்றிய திசுவையும் மட்டும் எடுத்தாலும் உயிர்வாழும் காலம் குறைவதில்லை என்று அவை காட்டின. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. ஃபிஷரின் 20 ஆண்டுக் கணக்கில், கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 39.2 விழுக்காட்டினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் அது 14.3 விழுக்காடு. ஆகவே மார்பகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் கரண்டு வைத்தே ஆகவேண்டும் என்றாயிற்று.

இந்த நிபந்தனை நகரத்துப் பெண்ணுக்கும் சிற்றூர்ப் பெண்ணுக்கும் ஒன்றல்ல. ஐந்து வாரம் வெளியூரில் தங்க வழியில்லாதவருக்கு, ‘முழுசா எடுத்துடுங்க டாக்டர்’ என்பதே நடைமுறைக்கு ஒத்த பதிலாகிவிடுகிறது. அக்குளில் நெறிகட்டியிருந்தால் முழுதாக எடுத்த பிறகும் கதிர்வீச்சு தேவைப்படலாம் என்பது பலருக்கு அதன் பிறகே தெரியவரும். மருத்துவக் காரணம் ஏதுமின்றி, பயண தூரத்தாலேயே ஒரு பெண் தன் உறுப்பை இழப்பதை நான் சாதாரணச் செய்தியாகப் படிக்க முடிவதில்லை.

இனி 25இன் பிறப்பு. கதிர்களை ஒரே மூச்சில் கொடுத்தால் தோல் வெந்துவிடும், சிறு தவணைகளாகப் பிரித்தால் தாங்கும் என்பதை 1920களில் பாரிஸில் க்ளோடியஸ் ரெகோ விலங்குச் சோதனைகளில் கண்டார். ஹென்ரி கூத்தார் அதைத் தொண்டைப் புற்றுநோயில் நடைமுறையாக்கினார். நாளுக்கு ஏறத்தாழ 2 கிரே (கதிர் அளவின் அலகு), வாரத்துக்கு ஐந்து நாள் என்ற வழக்கம் காலப்போக்கில் நிலைபெற்றது. மார்பகத்துக்கு 50 கிரே, 25 தவணை என்பது அந்த வழக்கத்தின் பிள்ளை. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரால்ஸ்டன் பேட்டர்சன் மூன்று வார முறையை வளர்த்தார். கருவிகள் கொஞ்சம், காத்திருப்போர் நிறைய என்ற நிலையில் அந்தக் குறுகிய முறை அங்கே வேரூன்றியது. அதாவது குறுகிய சிகிச்சை நேற்றுக் கண்டுபிடித்த புதுமை அன்று.

சென்னை இந்தக் கதைக்கு வெளியே நிற்கவில்லை. 1934இல் பர்னார்ட் கதிரியல் நிறுவனம் திறக்கப்பட்டது. 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிறுவனம் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கனடாவின் கோபால்ட்-60 கருவி அங்கே வந்தது. 1976இல் நாட்டின் முதல் லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற கதிர்க் கருவியும் வந்தது. கருவி வந்ததோடு அதன் கால அட்டவணையும் வந்தது. எத்தனை தவணை என்ற கேள்வி நம் நாட்டுப் பெண்களின் பயண தூரத்தை வைத்து அன்று கேட்கப்படவில்லை.

குறுகிய முறைக்கு நடுவில் ஒரு கெட்ட பெயர் வந்தது. அதைத் தாண்டிவிட்டுப் பேசினால் வரலாறு பொய்யாகிவிடும். ஆக்ஸ்ஃபோர்டின் ஃபிராங்க் எல்லிஸ் 1969இல் மொத்த அளவு, தவணை எண்ணிக்கை, நாள்கள் ஆகியவற்றை இணைக்கும் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். மருத்துவர்கள் அதை நம்பித் தவணைகளைக் குறைத்து, ஒவ்வொன்றையும் பெரிதாக்கினார்கள். சிகிச்சை முடிந்த வாரங்களில் தோல் நன்றாகவே இருந்தது. சில ஆண்டுகள் கழித்து மார்பகம் கட்டைபோல் இறுகியது, தோள் அசைய மறுத்தது, சிலருக்குக் கைக்குப் போகும் நரம்புக் கற்றையே கெட்டுக் கை செயலிழந்தது. இங்கிலாந்தில் இப்படிப் பாதிக்கப்பட்ட பெண்கள் 1990களில் ‘ரேஜ்’ என்ற அமைப்பாகத் திரண்டு நியாயம் கேட்டார்கள். அந்தச் சூத்திரம் உடனே தெரியும் தோல் மாற்றத்தை அளந்தது. காலம் கடந்து வரும் சேதத்தை அளக்கவில்லை.

விருத்தாசலத்துச் சூளைக்காரர்களுக்கு இது புரியாத செய்தியாக இருக்காது. சூளைக்குள் வைக்கும் சிறு கூம்பு உச்சச் சூட்டை மட்டும் பார்த்து வளைவதில்லை. அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும் சேர்த்தே வளைகிறது. சூளையைத் திறக்கும் அன்று பளபளவென்று வரும் கோப்பை, மாதங்கள் கழித்து மேற்பூச்சில் மயிரிழை விரிசல்களைக் காட்டலாம். எல்லிஸின் சூத்திரத்தை நம்பியவர்கள் திறந்த அன்றே கோப்பையைப் பார்த்து முடிவு செய்துவிட்டார்கள்.

பிழையைத் திருத்தியது, ஆல்ஃபா-பீட்டா விகிதம் என்ற கணக்கு. ஒரு திசு தவணையின் பருமனுக்கு எவ்வளவு கூச்சப்படுகிறது என்பதை அது சொல்கிறது. விகிதம் சிறியதானால், பெரிய தவணை அந்தத் திசுவை அதிகமாகத் தாக்கும். பெரும்பாலான புற்றுநோய்களுக்கு இது 10 அளவில் இருக்கும், இயல்பான திசுவுக்கு 3 அளவில் இருக்கும் என்பதே பொதுவான நம்பிக்கை. அப்படியானால் சிறு தவணைதான் பாதுகாப்பு. ஆனால் மார்பகப் புற்றுநோய் இந்தப் பொது விதிக்கு உட்படாததாக இருந்தால்? அதுவும் இயல்பான திசுவைப் போலவே பெரிய தவணைக்கு மசிவதானால், மொத்த அளவைத் தக்கபடி குறைத்து, தவணைகளையும் குறைக்கலாம். எதையும் இழக்க வேண்டாம். ஜான் யார்னால்டும் அவர் குழுவினரும் 1986இல் இங்கிலாந்தின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையிலும் குளோஸ்டர்ஷயரிலும் 1,410 பெண்களிடம் தொடங்கிய முன்னோட்ட ஆய்வு சோதித்தது இதைத்தான். அதையும் பின்வந்த ஸ்டார்ட்-ஏ ஆய்வையும் சேர்த்துப் பார்த்தபோது மார்பகப் புற்றுநோயின் விகிதம் 3.5 அளவில் நின்றது. முழு வரலாறும் இந்த ஒரு எண்ணில் திரும்பியது என்பேன். முன்னோர் செய்த தவறு தவணையைப் பெரிதாக்கியது அன்று, மொத்தத்தைப் போதிய அளவு குறைக்காமல் விட்டது.

சான்று கனடாவிலிருந்து வலுத்தது. ஆன்டாரியோவில் டிமோதி வீலன் குழு 1993க்கும் 1996க்கும் இடையில் 1,234 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதிக்கு 25 தவணையில் 50 கிரே. மறு பகுதிக்கு 16 தவணையில் 42.5 கிரே. 2010இல் வெளியான பத்தாண்டுக் கணக்கில் நோய் திரும்பியது முறையே 6.7, 6.2 விழுக்காடு. மார்பகத்தின் தோற்றமும் ஏறத்தாழ ஒன்றே. பிரிட்டனின் ஸ்டார்ட்-பி 2,215 பெண்களிடம் 15 தவணையில் 40 கிரேயை வழக்கமான 25 தவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 2008இல் முதல் முடிவும் 2013இல் பத்தாண்டு முடிவும் வந்தன. குறுகிய முறையில் நோய் கூடவில்லை, திசுச் சேதம் சற்றுக் குறைவாகவே இருந்தது.

பிரிட்டன் 2009இலேயே மூன்று வார முறையைப் பரிந்துரைத்துவிட்டது. அமெரிக்கக் கதிர்வீச்சுப் புற்றுநோயியல் சங்கம் 2011இல் 50 வயதைக் கடந்த, கீமோ பெறாத பெண்களுக்கு மட்டும் என்று வேலி போட்டது; 2018இல்தான் வயதையும் கீமோவையும் பாராமல் எல்லோருக்கும் திறந்தது. எச்சரிக்கை ஒரு காரணம். தவணைக்கு இவ்வளவு என்று கட்டணம் கணக்கிடும் நாட்டில், தவணை குறைந்தால் வருமானமும் குறையும் என்பது மற்றொன்று.

அடுத்த பாய்ச்சல் ஐந்து தவணை. 2011 முதல் 2014 வரை பிரிட்டனின் 97 மருத்துவமனைகளில் 4,096 பேர் ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வில் சேர்ந்தார்கள். 15 தவணையில் 40 கிரே ஓர் அணி. ஒரே வாரத்தில் ஐந்து தவணையாக 27 கிரே ஓர் அணி, 26 கிரே ஓர் அணி. ஐந்தாண்டில் நோய் திரும்பியது 2.1, 1.7, 1.4 விழுக்காடு. அதைவிட என்னைத் தடுத்து நிறுத்தியது வேறு வரிசை. மிதமான அல்லது கடுமையான திசு மாற்றம் கண்டவர்கள் 40 கிரேயில் 9.9 விழுக்காடு, 26இல் 11.9, 27இல் 15.4. ஐந்து தவணைக்குள் ஒரே ஒரு கிரே கூடியதற்கே இவ்வளவு விலை. தவணைக்கு 5.2 கிரே என்பதற்கும் 5.4 என்பதற்கும் உள்ள இடைவெளியில் ஒரு பெண்ணின் மார்பகம் மென்மையாக இருப்பதும் இறுகுவதும் அடங்கியிருக்கிறது. முடிவுகள் வெளியான 2020, கொரோனா ஊரடங்கின் ஆண்டு. மருத்துவமனைக்கு வரும் நாள்களைக் குறைத்தே ஆகவேண்டிய நிலையில், பிரிட்டன் ஐந்து தவணையை விரைந்து ஏற்றது. இங்கும் தேவைதான் கதவைத் திறந்தது.

இவற்றை அப்படியே நம் பெண்களுக்குப் பொருத்தலாமா? 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய். மேலைநாட்டினரைவிட ஏறத்தாழ பத்தாண்டு இளம் வயதிலேயே நம்மவர்களுக்கு அது வருகிறது; முற்றிய நிலையில் வருபவர்களும் அதிகம். எனவே பலருக்கு மார்பகத்தோடு காறை எலும்புக்கு மேலுள்ள நெறிகளுக்கும் கதிர் தேவைப்படுகிறது. ஸ்டார்ட் ஆய்வுகளில் அப்படிப்பட்டவர்கள் சிறுபான்மையினர். இந்த இடைவெளியை நிரப்ப, கொல்கத்தா டாடா மெடிக்கல் சென்டர் ஹைபோர்ட் என்ற ஆய்வை 2019இல் தொடங்கியது. 15 தவணையில் 40 கிரேயோடு 5 தவணையில் 26 கிரேயை இந்தியப் பெண்களிடமே ஒப்பிடும் ஆய்வு அது. கேள்வி நம் மண்ணில் நின்று கேட்கப்படுகிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

சிகிச்சை அறைக்குள் நடப்பதைப் பார்த்தால் நாள் கணக்கின் பொருள் இன்னும் துலங்கும். பெண் சாய்வுப் பலகையில் படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும். அறுவைக்குப் பின் தோள் இறுகியவருக்கு இதுவே பெரிய வேலை. தோலில் இட்ட குறிகளோடு விளக்கின் கோடு பொருந்தும்வரை பணியாளர் அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். பிறகு எல்லோரும் வெளியேறிக் கதவைச் சாத்துவார்கள். கதிர் பாய்வது சில நிமிடங்களே. உடலுக்கு ஒன்றும் தெரியாது. வாரங்கள் போகப் போக மார்பகத்தின் கீழ் மடிப்பு கறுத்து, சிலருக்கு ஈரம் கசிந்து உரியும். தளர்ந்த பருத்தி ஜாக்கெட், சோப்புத் தேய்க்காத குளியல், அழியக் கூடாத குறிகள். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் விடியலில் பேருந்து ஏற்றமும் இரவில் வீடு திரும்பலும். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுக் கட்டணச் சலுகை இருக்கிறது. போன நாளின் கூலியை அது திருப்பித் தராது.

கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதல் கதிர் தேவைப்படும்போது முன்பெல்லாம் மேலும் ஒன்றிரண்டு வாரம் கூடும். அதை 15 தவணைக்குள்ளேயே அடக்கிவிடலாம் என்று பிரிட்டனின் இம்போர்ட்-ஹை ஆய்வு 2023இல் காட்டியது. ஆனால் தவணை குறையக் குறையத் துல்லியத்தின் பொறுப்பு கூடுகிறது. 25இல் ஒரு நாள் கை சரியாகத் தூக்காமல் படுத்தால் பிழை இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஐந்தில் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. மாசிமகத் தேரன்று பேருந்து கிடைக்காமல் போனாலும், கருவி பழுதாகி நின்றாலும் கணக்கு அப்படித்தான். ஐந்து கரண்டு எழுதிக் கொடுக்கும் மருத்துவமனை, அந்த ஒரு வாரம் தங்க வாசலுக்கு அருகிலேயே ஒரு பாயும் தலையணையும் ஏற்பாடு செய்வதையும் சிகிச்சைத் திட்டத்திலேயே எழுத வேண்டும்.