மயிலாப்பூர் ஜன்னலிலிருந்து டிரைவ்-இன் வரை

அமெரிக்காவில் இருக்கும் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ ப்ராஜெக்டாம். "தாத்தா, மெட்ராஸ் சாப்பாட்டையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றாள். செல்போனும் குடையுமாகக் கிளம்பிவிட்டேன். இரண்டே நாளில் நாற்பது படம். ராத்திரி உட்கார்ந்து பார்த்தால், மயிலாப்பூர் இட்லியும் தி.நகர் இட்லியும் ஒரே மாதிரி வெள்ளையாக, வட்டமாக இருக்கின்றன. இதில் சரித்திரம் எங்கே இருக்கிறது? தட்டுக்கு வெளியேதான் தேட வேண்டும் போலிருக்கிறது.

முதல் படத்தைப் பாருங்கள். கபாலி கோயிலுக்குப் பக்கத்தில், பொன்னம்பல வாத்தியார் தெரு. ஒரு பழைய வீட்டின் ஜன்னல். உள்ளிருந்து ஒரு கை பஜ்ஜியை நீட்டுகிறது, வெளியிலிருந்து பத்துக் கைகள் நீள்கின்றன. ஊர் வைத்த பெயர் 'ஜன்னல் கடை'. அடுத்தது தெற்கு மாட வீதியில் காளத்தி ரோஸ் மில்க், 1927-இல் தொடங்கியது. நின்றபடியே குடித்துவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும். மூன்றாவது அடையாறு காந்தி நகர். 1982-இல் ஆரம்பித்த கிராண்ட் ஸ்வீட்ஸ், வருகிறவர்களுக்கெல்லாம் தொன்னையில் பிரசாதம் கொடுத்தே பேர் வாங்கியது.

இந்த மூன்று இடத்திலும் யாராவது உங்களை "நீங்க யாரு?" என்று கேட்டார்களா? இல்லை. எப்போதுமே இப்படித்தான் இருந்ததா?

அந்தப் படம் என்னிடம் இல்லை. அப்பா சொல்லித்தான் தெரியும். ஐம்பதுகளில் வேலை தேடி மெட்ராஸ் வந்தவர் அவர். ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் என்ற வழக்கம் 1941-லேயே ஒழிந்துவிட்டது. ஆனாலும் ஹோட்டல் வாசலில் 'பிராமணாள்' என்ற எழுத்து அப்போதும் தொங்கியது. "உள்ளே போனா யாரும் தடுக்க மாட்டாங்கடா. ஆனா அதைப் படிச்ச பிறகு இட்லி தொண்டையிலே இறங்காது" என்பார். டீக்கடையில் பன்னைத் தின்றுவிட்டு இன்டர்வியூவுக்குப் போவாராம். திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில் 1957-இல் பெரியார் மறியல் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் போய்க் கைதானார்கள். மறு வருஷம் அந்த எழுத்து இறங்கியது. ஒரு பெயர்ப் பலகைக்கா இத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள் என்று கேட்கிறவர்கள், பன்னோடு இன்டர்வியூவுக்குப் போனவரைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது நாற்பதாவது படம். கதீட்ரல் ரோடு, செம்மொழிப் பூங்காவின் வாசல். சாப்பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடமல்லவா இது! உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, ஹோட்டலில் எடுபிடி வேலையில் தொடங்கி முன்னுக்கு வந்த கிருஷ்ணா ராவ், 1938-இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். 1962-இல் இங்கே, அரசு நிலத்தில், மரத்தடியில் டிரைவ்-இன். கார் ஜன்னலில் தட்டை மாட்டிவிட்டுப் போவார் சர்வர். ஜன்னல் வழியாகத்தான் இங்கேயும் சாப்பாடு, ஆனால் ஜன்னல் வாங்க கார் வேண்டும்! இல்லாதவர்களுக்கு உள்ளே மேஜை நாற்காலியும் உண்டு. ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசலாம்.

முதல் சம்பளம் வாங்கியதும் அப்பாவை அங்கே கூட்டிப் போனேன். 1974. ஜெமினி மேம்பாலம் கட்டிய புதிது. "கார் இல்லாம விடுவாங்களாடா?" என்று பஸ்ஸிலேயே இரண்டு தடவை கேட்டார். வாசலில் நின்று பெயர்ப் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, மசால் தோசை முழுவதையும் பேசாமல் சாப்பிட்டார். டபராவில் காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு, "இன்னொண்ணு சொல்லு" என்றார். அவர் வெளியில் இரண்டாவது காப்பி கேட்டு நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

2008-இல் டிரைவ்-இன் மூடப்பட்டது. 2010-இல் பூங்கா திறந்தார்கள். பூங்கா நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல மனசு வரவில்லை. அப்பா உட்கார்ந்த மேஜை எந்த மரத்தடிப் பக்கம் என்று ரொம்ப நேரம் தேடினேன்.

படங்களைப் பேத்திக்கு அனுப்பினேன். உடனே பதில்: "தாத்தா, கடைசி போட்டோல சாப்பாடு எங்கே?"

ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறேன்.