உப்புக்காற்றிலும் உழைக்கும் ஜூஸரைத் தெரிவு செய்வது எப்படி?

மன்னார் தீவில் வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். அதைக் கற்றுக்கொண்டது மண்டபம் முகாமில் அகதியாக இருந்த காலத்தில், இராமநாதபுரத்தில் ஒரு மிக்சிக் கடையில். ஊர் திரும்பிய பின்னர் என் மேசைக்கு வரும் சாமான்களில் றேடியோ குறைந்தது, மின்விசிறி கூடியது. இப்போது சில வருடங்களாக ஜூஸர்களும் வருகின்றன. அவற்றில் பலவற்றைத் திருத்த வழியில்லாமல் அப்படியே திருப்பிக் கொடுக்கிறேன். எரிந்தது மோட்டர் என்றாலும், பழுது தொடங்கியது பெரும்பாலும் வாங்கிய அன்றுதான்.

பெருமைக்காக ஜூஸர் வாங்குபவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. மகரகம வைத்தியசாலையில் சிகிச்சை முடித்து வந்த தாய்க்காக வாங்குகிறார்கள். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லப்பட்ட பிள்ளைக்காக வாங்குகிறார்கள். ஷெல் துண்டு தாடையைக் கிழித்து, இன்றுவரை கெட்டியான உணவைச் சப்ப முடியாதவர்கள் உள்ள வீடுகளும் உண்டு. அந்த வீட்டில் ஜூஸர் நின்றுவிட்டால் ஒருவரின் சாப்பாடு நின்றுவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இயந்திரத்தை விளங்கிக்கொள்வோம். சாதாரண ஜூஸர் மையவிலக்கு விசையால் வேலை செய்கிறது. நடுவில் துருவுபலகை போன்ற பல் தட்டும் அதைச் சுற்றிச் சல்லடைக் கூடையும் இருக்கும். இரண்டும் ஒன்றாகவே சுழலும். பல் தட்டு பழத்தைத் துருவ, சுழற்சி அந்தத் துருவலைச் சல்லடையில் அடிக்க, சாறு வெளியே தெறித்து வழியும், சக்கை மேலேறித் தனியே விழும். 12 சென்ரிமீற்றர் அகலமான கூடை நிமிடத்துக்கு 10,000 தடவை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு 225 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். தலைமன்னார் ரயிலின் வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வேகத்தை மனதில் வைத்தால், கீழே நான் சொல்பவற்றுக்கான காரணம் தானாகவே விளங்கும்.

கரட், பீற்றூட், அன்னாசி, தோடம்பழம், அப்பிள், கெக்கரிக்காய் எல்லாம் இதற்கு ஏற்றவை. பப்பாசி, வாழைப்பழம், மாம்பழம் சல்லடையில் களிபோல் அப்பிக்கொள்ளும். அவற்றுக்கு பிளெண்டர்தான் சரி. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை போன்றவற்றைப் போட்டால் சாறை விட ஈரச் சக்கைதான் அதிகம் வரும். பனம்பழத்தின் தும்பு சுற்றிக்கொண்டால் மோட்டரே நின்றுவிடும். அதை நம் அம்மாக்கள் பிசைந்த மாதிரிக் கையால் பிசைவதே நல்லது. தேசிக்காய்க்கு ஒரு சின்னப் பிழிகருவி போதும். ஆகவே உங்கள் வீட்டில் வாரத்தில் எத்தனை நாள், என்ன சாறு என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். தேசிக்காயும் பப்பாசியும் மட்டும்தான் என்றால் ஜூஸருக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

இலைச்சாறுதான் முக்கியம் என்றால், நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கும் குறைவாக மெதுவாக அரைத்துப் பிழியும் வேறொரு வகை இருக்கிறது. சத்தம் குறைவு, விலை அதிகம். அதன் உதிரிப்பாகங்களுக்காக நான் கொழும்புக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பெட்டியில் எழுதியிருப்பதும் அடியில் எழுதியிருப்பதும்

கடையில் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 1000 வோட்ஸ் என்று போட்டிருக்கும். அதை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். இயந்திரத்தைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். மேலே எழுதியிருப்பது பல வேளைகளில் மோட்டர் ஒரு கணம் இழுக்கக்கூடிய உச்ச அளவு. தகட்டில் இருப்பதே அது வழமையாக இயங்கும் அளவு. தோடம்பழம், அன்னாசி மட்டும் என்றால் 400 அல்லது 500 வோட்ஸ் போதும். கரட்டும் பீற்றூட்டும் தினமும் என்றால் 700, 800 வோட்ஸ் வேண்டும். மின்கட்டணத்தை நினைத்துச் சிறியதை வாங்குபவர்களுக்கு ஒரு கணக்கு: 800 வோட்ஸ் இயந்திரம் தினம் ஐந்து நிமிடம் ஓடினால் மாதத்துக்கு இரண்டு அலகுதான். மாதம் 60 அலகை ஒட்டி நிற்கும் வீடுகளில் அந்த இரண்டு அலகே கட்டணப் படியைத் தாண்டவைக்கும் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் பலம் குறைந்த மோட்டரில் பீற்றூட்டைத் திணித்து எரித்துவிட்டுப் புதியது வாங்குவதை விட இது மலிவு.

அதே தகட்டில் ‘கே.பி.’ என்று பொருள்படும் இரண்டு ஆங்கில எழுத்துகளோடு ஒரு நிமிடக் கணக்கு இருக்கலாம். தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்பதை அது சொல்கிறது. ஒரு நிமிடம் என்று போட்டிருந்தால் ஒரு நிமிடம்தான். பிறகு ஆறவிட வேண்டும். ஐந்து பேருள்ள வீட்டுக்கு அது சரிவராது. இந்தியாவில் பழச்சாற்றுக் கடைக்காரர்கள் விரும்பி வாங்கும் சுஜாதா போன்ற 900 வோட்ஸ் இயந்திரங்களைத் தொடர்ந்து 90 நிமிடம் ஓட்டலாம் என்று அதன் உற்பத்தியாளர் சொல்கிறார். வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் நிமிடக் கணக்கு கூடக்கூட மோட்டரின் செப்புக் கம்பியும் காற்றோட்டமும் தாராளமாக இருக்கும் என்பதை விளங்கிக்கொள்ளலாம். தூக்கிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். ஒரே வோட்ஸ் என்று சொல்லும் இரண்டு இயந்திரங்களில் பாரமானதை எடுங்கள்.

இங்கே ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. 1960களின் தொடக்கத்தில் இந்தியாவில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியியலாளரின் வீட்டில் இருந்த வெளிநாட்டு மிக்சி இந்தியச் சமையலுக்குத் தாக்குப்பிடிக்காமல் பழுதாகியது. அங்கிருந்துதான் 1963இல் ‘சுமீத்’ மிக்சி பிறந்தது. உழுந்தும் மசாலாவும் அரைப்பதற்கென்றே பலமான மோட்டர் வைத்தார். மென்மையான பழத்துக்கென்று செய்யப்பட்ட அழகான இயந்திரம், நம் வீட்டில் பச்சைப் பீற்றூட்டைச் சந்திக்கும்போதும் இதே கதைதான்.

மோட்டரை விட முதலில் போவது சல்லடை. கடைக்காரரிடம் சல்லடையைக் கழற்றித் தரச்சொல்லி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வலை, விளிம்போடு சீராக ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பிசிறு இருக்கக்கூடாது. பிறகு மாட்டிவிட்டு விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். விளிம்பு மேலும் கீழும் ஆடினால் அந்த இயந்திரத்தை வாங்காதீர்கள். அந்த ஆட்டம் சில மாதங்களில் புஷ்ஷைத் தின்றுவிடும். வலையில் ஒரு நூலளவு வெடிப்பு வந்தாலும் அந்தச் சல்லடையைக் குப்பையில் போடுங்கள். ஒட்டவோ பற்றவைக்கவோ கேட்டு என்னிடம் கொண்டுவருகிறார்கள், நான் செய்வதில்லை. சுழலும்போது சல்லடை உடைந்து ஆட்களைக் காயப்படுத்தியதால் அமெரிக்காவில் ஒரு வகை வீட்டு ஜூஸர் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

எனவே கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. இதற்குத் தனிச் சல்லடை எடுக்கலாமா, எங்கே எடுக்கலாம் என்பதுதான். அடுத்தது, காபன் பிரஷ் மாற்றுவதற்கு வெளியே மூடி இருக்கிறதா என்பது. மோட்டருக்குள் உரசித் தேயும் அந்தக் காபன் துண்டு மலிவானது. மாற்றினால் இயந்திரம் மீண்டும் ஓடும். ஒட்டுமொத்தமாக ஒட்டி மூடப்பட்ட உடம்பு என்றால் அதைத் திறக்கும்போதே உடைகிறது.

கரண்டும் கடல் கடந்து வரும் பெட்டிகளும்

நாட்டின் விநியோகம் 230 வோல்ட். அதிலிருந்து 6 வீதம் கூடிக் குறையலாம் என்பது விதி, அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. ஆனால் கம்பியின் கடைசி முனையில் உள்ள கிராமங்களில் மாலை ஆறு மணிக்குப் பல்ப் மஞ்சளாகுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வோல்ட் 180க்கு இறங்கினால் மோட்டரின் தொடக்க இழுவை ஏறத்தாழ நாற்பது வீதம் குறைந்துவிடும். சுழற்சி தளர, உள்ளே இருக்கும் குளிரூட்டும் விசிறியும் தளரும், பழம் இறுகும், கம்பி சூடேறும். பல்ப் மங்கும் நேரத்தில் ஜூஸரைப் போடவேண்டாம். காலையில் போடுங்கள். 2022 மின்வெட்டுக் காலத்தில் ஒரு பழக்கம் வந்தது: கரண்ட் போனதும் சுவிட்சை அணைக்காமல் விட்டுவிடுவது. திரும்பி வரும்போது கூடையில் பாதித் துருவலோடு மோட்டர் இழுக்கத் தொடங்கும். முதலில் சுவிட்சை அணைத்து, கூடையை வெறுமையாக்குங்கள்.

புலம்பெயர்ந்த உறவுகள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரும் ஜூஸர்கள் தனிக்கதை. கனடாவிலிருந்து வருவது 120 வோல்ட் இயந்திரம். அதை நேரே செருகினால் சில நொடிகளில் புகை வரும். அதற்குரிய மின்மாற்றி பாரமும் விலையும் கூடியது. இங்கே புதிய ஜூஸர் வாங்குவதே இலாபம். லண்டனிலிருந்து வருவது 230 வோல்ட், பிளக்கும் நம் 13 ஆம்பியர் சதுர முனைப் பிளக்தான். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், அவுஸ்திரேலியா ஆகியவற்றில் வோல்ட் பொருந்தும், பிளக் பொருந்தாது. தென்னைக் குச்சியைச் செருகி வட்ட முனையைத் திணிக்காமல் பிளக்கையே மாற்றிவிடுங்கள். கட்டார், குவைத், டுபாயிலிருந்து வருபவை பெரும்பாலும் அப்படியே ஓடும். தமிழ்நாட்டிலிருந்து வருபவற்றுக்கும் பிளக் மட்டும்தான் பிரச்சினை. எங்கிருந்து வந்தாலும் சல்லடை இங்கே கிடைக்குமா என்ற கேள்வி இருக்கிறது. எனவே கொண்டுவரும் உறவினரிடம் ‘கூடவே இரண்டு சல்லடையும் வாங்கி வாங்கோ’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கையொன்றை இழந்தவர்கள், தோளில் பலம் குறைந்தவர்கள் உள்ள வீடுகளுக்கு ஒரு விடயம். விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார். மூடியை இரு பக்கமும் இரண்டு கொக்கிகளால் பூட்டும் வகையை ஒரு கையால் கையாள்வது கடினம். தலைக்கு மேலாக வளைந்து வரும் ஒரே பிடியால் பூட்டும் வகை இருக்கிறது. அதை ஒரு கையால் தள்ளினாலே பூட்டும். பூட்டாவிட்டால் மோட்டர் ஓடாது. அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் இறப்பர்க் கால்கள் உறுதியாக இருக்கவேண்டும், இல்லையேல் மற்றக் கை இயந்திரத்தைப் பிடிக்க வேண்டிவரும். பழம் போடும் குழாய் 7 சென்ரிமீற்றருக்குக் கூடுதலாக இருந்தால் வெட்டும் வேலை குறையும். அழுத்திப் பிடிக்கும் சுவிட்ச் வேண்டாம், திருகும் சுவிட்ச் எடுங்கள். வாங்க முன் அந்த நபரே கடைக்குப் போய்ப் பூட்டிப் பார்ப்பது நல்லது. ஒரு முன்னாள் மீனவர் மூன்று கடைகள் ஏறி, நான்காவதில் தனக்கேற்றதைக் கண்டுபிடித்தார். அது இன்னும் ஓடுகிறது.

மாதத் தவணைக்கு வீடு தேடி வந்து விற்பவர்களிடம் கவனம். யுத்தம் முடிந்ததும் வீதி திறந்ததோடு கடனும் எங்கள் வாசலுக்கு வந்தது. அதன் விளைவை, 2018இல் வரட்சி மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவிக்கவேண்டி வந்ததிலிருந்து அறியலாம். கணவரைப் பறிகொடுத்த ஒரு தாய் தவணைக்கு வாங்கிய ஜூஸரைக் கொண்டுவந்தார். இயந்திரம் செத்துவிட்டது, இன்னும் ஏழு தவணை இருந்தது. தவணைத் தொகையை மாதத்தால் பெருக்கி, கடை விலையோடு ஒப்பிட்ட பின்னரே கையெழுத்திடுங்கள். பற்றுச்சீட்டு கேட்டால் தரவேண்டியது விற்பவரின் கடமை. அதில் கடையின் பெயர், இயந்திரத்தின் தொடரிலக்கம், உத்தரவாதக் காலம் மூன்றும் இருக்கட்டும். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். உத்தரவாதம் எங்கே செல்லுபடியாகும் என்பதையும் கேளுங்கள். திருத்தும் நிலையம் வவுனியாவில் என்றால் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். கொழும்பில் என்றால் ஒரு நாள் உழைப்பும் பஸ் காசும் போகும்.

வாங்கிய பிறகு எங்கள் கரையில் இரண்டு எதிரிகள். ஒன்று உப்புக்காற்று. துருவேறாத உருக்கு என்று சொன்னாலும் தரம் குறைந்தது பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் ஒரு வருடத்தில் செம்புள்ளி காட்டும். சிறிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோய்ச் சல்லடையில் வையுங்கள். பலமாக ஒட்டிக்கொண்டால் அது உப்பைத் தாங்கும் வகை அல்ல. மற்றது கிணற்று நீர். அதன் சுண்ணாம்பு சல்லடைக் கண்களை மெல்ல அடைக்கும், சாறு குறையும், சக்கை ஈரமாக வரும், பலர் மோட்டர் பழுதென்று நினைப்பார்கள். மாதத்துக்கு ஒருமுறை வினாகிரி கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் பின்பக்கமிருந்து தேயுங்கள். கம்பித் தேய்ப்பான் கூடாது. ஒவ்வொரு முறையும் சாறு குடிக்குமுன் சல்லடையைக் கழுவிவிடுங்கள். காய்ந்த கரட் நாரை எடுப்பது பெரும் பாடு. மோட்டர் பகுதியைத் தண்ணீரில் அமிழ்த்தாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியால் மூடி வையுங்கள். அடியிலுள்ள காற்றுத் துவாரத்தால் கரப்பானும் பல்லியும் உள்ளே போய்க் கூடு கட்டுகின்றன. நான் திறந்த இயந்திரங்களில் பல்லி முட்டை கண்டது கொஞ்சமல்ல.

நீரிழிவு உள்ளவர்களுக்குச் சாறு வேண்டுமா என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். நார் சக்கையோடு போய்விடும், சீனி சாற்றோடு வந்துவிடும். சக்கையை வீசாதீர்கள். கரட்டினதைச் சம்பலிலும் ரொட்டி மாவிலும் சேர்க்கலாம், மிச்சத்தைக் கோழிக்குப் போடலாம்.