பழைய நூலும் புதிய அங்காடியும்

சிங்கப்பூரில் பழைய நூல் வாங்க விழைந்தோர் ஒரு காலத்தில் நாடிச் சென்ற இடம் பிராஸ் பாசா சாலை. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே சென்றுவிடத்தக்க தொலைவில் அமைந்த அச்சாலைக் கடைகளில், 1960, 1970ஆம் ஆண்டுகளில் பழைய பாடநூல்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. ஆண்டிறுதித் தேர்வு முடிந்து விற்க வந்த மாணவரும், அடுத்த வகுப்புக்கு வாங்க வந்த மாணவரும் அங்கே எதிரெதிர்ப்பட்டனர். 1980இல் பிராஸ் பாசா கட்டடத் தொகுதி எழுந்தபின் நூற்கடைகள் பல அதனுட் குடியேறின. காலப்போக்கில் அவற்றுட் பல மறைந்தன. பழைய நூல் வாணிகம் பெரிதும் இணையத்தை அடைந்தது. கனடாவில் தோன்றி 1996இல் இணையத்தில் விற்பனையைத் தொடங்கிய ஏப்புக்ஸ் நிறுவனத்தை 2008இல் அமேசான் வாங்கியது. 2012இல் சிங்கப்பூரிலேயே கரோசல் தோன்றியது.

வாங்குவோர்க்கு இது பெரும் வசதியே. இலண்டனிலுள்ள நூலைப் பிடோக்கிலிருந்தபடியே வாங்கலாம். ஆயின் தமிழ் நூலைப் பொறுத்தவரை, இவ்வங்காடியில் நுழைவது எளிது. தேடியதைக் காண்பதே அரிது.

1887இல் இந்நகரில் அச்சான ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் இயற்றிய ‘சிங்கைநகர் அந்தாதி’ அவ்வாண்டில் தீனோதய அச்சகத்தில் வெளிவந்தது. மகுதூம் சாயபுவின் ‘சிங்கைநேசன்’ வார இதழ் தோன்றியதும் அதே ஆண்டில்தான். இவை இன்றும் படிக்கக் கிடைப்பதற்கு நம்மவரின் நூற்பற்றைக் காட்டிலும் ஒரு சட்டமே பெரிதும் காரணம் எனின் சிலர்க்குக் கசக்கலாம். 1886ஆம் ஆண்டின் நூற்பதிவுச் சட்டம், நீரிணைக் குடியேற்றங்களில் அச்சாகும் நூல்களின் படிகளை அரசிடம் ஒப்படைக்கப் பணித்தது. அவற்றுள் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கப்பலேறியது. அச்சட்டத்துக்கு முன், 1875 அளவில் வெளிவந்த ‘சிங்கை வர்த்தமானி’யோ இன்று பெயரளவிலேயே அறியப்படுகிறது.

இத்தகைய நூலின் மற்றொரு படி எங்கேனும் ஒரு வணிகரிடம் இருப்பதாகக் கொள்வோம். தமிழறியாத அவர் பெயரை ஆங்கில எழுத்தில் தம் செவிக்கு எட்டியவாறு பதிவார். ‘சிங்கை’ என்பதை அவர் ‘எஸ்’ எழுத்தில் தொடங்க, நூலகப் பட்டியலோ ஒலிபெயர்ப்பு முறைப்படி ‘சி’ எழுத்தில் தொடங்கும். ஒன்றைத் தட்டினால் மற்றது கிட்டாது. அட்டைப்படத்தைக்கூட இடாது ‘பழைய இந்திய நூல்’ என்று மட்டும் குறித்துவிட்டாலோ, தேடுவார் கண்ணில் அது படவே படாது.

ஆண்டைக் கணிப்பதிலும் இடர் உண்டு. முகப்பில் தமிழ் எண் இருப்பின், அறியாதார் ‘ஆண்டு இல்லை’ என்பர். ‘சர்வசித்து வருடம்’ என்று மட்டும் இருப்பின் அது 1887ஆகவும் இருக்கலாம். அறுபதாண்டு சுழன்று வந்த 1947ஆகவும் இருக்கலாம். தாளையும் எழுத்துருவையும் அச்சகத்தின் பெயரையும் நோக்கியே துணிய வேண்டும். பிராஸ் பாசா கடையில் நூலைக் கையில் ஏந்தி இவற்றை நோக்க இயன்றது. திரையில் ஒரு நிழற்படமே துணை. முகப்பும் பின்பக்கமும் காட்டும் படங்களைக் கேட்டுப் பெறாமல் பொருள் கொடுப்பவர், அண்மையில் எடுத்த மறுபதிப்பை மூலநூலின் விலைக்கு வாங்கி ஏமாறவும் கூடும்.

தமிழகத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய நூல்களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்திரட்டைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. சிங்கப்பூரிலும் 2015இல் நிறைவுற்ற தமிழ் மின்மரபுத் திட்டம், 1965 முதல் 50 ஆண்டுகளில் வெளிவந்த இலக்கிய நூல்களை மின்வடிவாக்கியது. அதற்கு முற்பட்டவை பலவற்றின் கதி, வீட்டு அலமாரிகளையே சார்ந்துள்ளது.

அவ்வலமாரிகளோ வீடு மாறுந்தோறும் மெலிகின்றன. மூத்தவர் மறைந்ததும் நூல்கள் பழந்தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போகின்றன. அன்றேல் யாரேனும் படமெடுத்து இணையத்தில் விலை கூறுகின்றனர். இவ்விரண்டில் பின்னதே மேல். 1982இல் மூடப்பெற்ற உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியின் முத்திரை ஒரு நூலின் முதற்பக்கத்தில் இருப்பின், அந்நூல் மலிவான பாடநூலே ஆயினும், அங்கு எது கற்பிக்கப்பட்டது என்பதற்கு அதுவே சான்று. விலை கூறுவோர் பலர் அந்த முத்திரையைக் குறையாக எண்ணி, ‘முதற்பக்கத்தில் கறை’ என்று எழுதிவிடுகின்றனர்.