ஏலம்: ஒரு சொல்லா, இரு சொற்களா?

போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் கூடத்தில் நடப்பது 'ஏலக்காய் ஏலம்'. அங்கிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைக் கடந்து இடுக்கி மாவட்டத்துப் புற்றடிக்குப் போனால், அதே விற்பனை 'ஏலக்கா லேலம்' ஆகிவிடுகிறது. மலையடியில் ஒரே வடிவாக இருப்பவை மலைமேல் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. சரக்கைக் குறிக்கும் ஏலத்தையும் விற்பனையைக் குறிக்கும் ஏலத்தையும் பலபொருள் ஒருசொல்லாகக் கொள்வது தவறு என்பதற்கு இது முதற்சான்று. இவை பிறப்பால் தொடர்பற்ற இரு சொற்கள். தமிழின் ஒலியமைப்பே அவற்றை ஓருருவாக்கியது.

சரக்கின் பெயர் மூத்தது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஏலாதி, ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் சேர்ந்த மருந்தால் பெயர் பெற்றது. பாட்டுக்கு ஆறு கருத்து என்னும் அதன் அமைப்பும் அம்மருந்தை ஒட்டியதே. கூந்தலுக்குப் பூசும் மயிர்ச்சாந்துக்கும் ஏலம் என்ற பெயர் உண்டு. காஞ்சிபுரத்து அம்மனின் ஏலவார்குழலி என்ற திருப்பெயரில் அந்த மணம் இருக்கிறது. கன்னடத்தில் 'ஏலக்கி', சித்த மருத்துவத்தில் 'ஏலரிசி', மலையாளத்தில் 'ஏலத்தரி': மூன்றுமே காய்க்குள்ளிருக்கும் விதையைப் பார்த்து இட்ட பெயர்கள். வான் ரீடு ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' (1678–1693) வழியாக ஏலத்தரி ஐரோப்பா சென்று, தாவரவியலில் 'எலெட்டாரியா' என்னும் பேரினப் பெயராக நிலைத்தது. வடமொழியிலும் 'ஏலா' உண்டு. செடி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது; ஆகவே பெயரும் தெற்கிலிருந்தே வடக்கே போயிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

விற்பனை ஏலத்தின் வழி வேறு. அறிவிப்பைக் குறிக்கும் அரபுச் சொல் 'அல்-இஃலாம்'. அதிலிருந்து வந்தது, மூக்கொலியில் முடியும் போர்ச்சுக்கீசிய 'லெய்லாவ்'. 1498-இல் கோழிக்கோட்டை அடைந்த போர்ச்சுக்கீசியர் வழியே சாவி, ஜன்னல், அலமாரி, பீப்பாய் ஆகியவற்றோடு இதுவும் நம் பேச்சில் சேர்ந்தது. விலை ஏறுவதை வைத்து 'ஏல்', 'ஏறு' என்ற தமிழ் வேர்களோடு இதை இணைக்க ஆசை எழலாம். அண்டை மொழிகள் அதற்கு இடம் தரவில்லை. மலையாளத்தில் லேலம், தெலுங்கில் வேலம், இந்தியில் நீலாம், மராத்தியில் லிலாவ், இந்தோனேசிய மொழியில் லெலாங். தமிழ் ஏலமே மூலம் என்றால், இத்தனை மொழிகளும் தனித்தனியே முதலில் ஒரு மெய்யைச் சேர்த்துக்கொண்டன என்றாகும். லகரம் மூன்று இடங்களில் ஒன்றுபோல் வந்ததற்கு விளக்கமே இராது.

லகரத்தில் தொடங்கும் மூலத்தைக் கொண்டால் எல்லாம் பொருந்துகிறது. தமிழில் லகரம் மொழிக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம் சொல்லும் வரம்பு. லோகம் உலகமானதும் லாபம் இலாபமானதும் அதனால்தான். அவை முன்னே ஓர் உயிரைச் சேர்த்தன. லேலமோ முதல் மெய்யையே விட்டுவிட்டது. அடுத்தடுத்து இரண்டு லகரம் வருவதும் நாவுக்குச் சுமையாக இருந்திருக்கும். இந்தி முதல் லகரத்தை நகரமாக்கியதற்கும் அதுவே காரணமாகலாம்.

வழக்கும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. விற்பனை ஏலத்தை விடுவார்கள், எடுப்பார்கள், கேட்பார்கள். சரக்குக்கு இந்த வினைகள் ஒட்டா. 'ஏல விலை' போன்ற தொடரில்தான் மயக்கம். போடி வணிகர்கள் சரக்கை வெறும் 'காய்' என்று சொல்லி அதையும் கடந்துவிடுகிறார்கள்: "எட்டு எம்எம் காய் இன்னைக்கு என்ன வெலைக்குப் போச்சு?"

உண்மையான பலபொருள் ஒருசொல் அதே கூடத்தில் இருக்கிறது: ஆங்கிலம் தந்த 'லாட்'. மாதிரிக் காய் கைக்கு வரும். வணிகர் தோலின் பச்சையைப் பார்ப்பார், ஒரு காயைப் பிளந்து விதையின் கருமையைப் பார்ப்பார், பிறகு திரையில் ஓடும் லாட் எண்ணுக்கு விலை அழுத்துவார். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் பங்கு தீர்மானிக்கக் குலுக்கிப் போடும் குச்சியையோ கல்லையோ குறித்தது. அப்படி விழுந்த பங்கு, பங்காக வந்த மனை, ஒருவருக்கு விதித்த விதி, ஒன்றாக விற்கும் சரக்குத் தொகுதி, 'நிறைய' என்னும் அளவு என்று பொருள்கள் ஒரே அடிமரத்திலிருந்து கிளைத்தன. லாட்டரியும் அக்குடும்பமே. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையை அறிந்தவர்களுக்குக் குலுக்கலும் உரிமைப் பங்கும் சேரும் இடம் புதிதல்ல. சந்தைத் தரையில் தக்காளியைக் கூறு கட்டி விற்கிறோமே, பங்கைக் குறித்த 'கூறு' அங்கே குவியலைக் குறிக்கிறது. 'லாட்' நடந்த அதே வழியில் 'கூறு'ம் நடந்திருக்கிறது.

போடியில் வாயால் விலை கேட்ட காலம் போய்க் கணினி வந்துவிட்டது. குரல் ஏலத்தில் நின்று காய் வாங்கியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். தரம் பிரித்த பெயர்கள், விலை கேட்ட முறை, தரகுப் பேச்சு எல்லாம் அவர்கள் நினைவில் உள்ளன. மதுரை, தேனி வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறையினர் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் இப்போதே போக வேண்டும்.