யாரும் சுடாமலே விழுந்த விமானங்கள்

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் நமது தங்கையின் மகன், போன கிழமை இரவு கம்பியூட்டரில் போர் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான். சும்மா சுட்டுத் தள்ளும் கேம் அல்ல. கொக்பிட்டில் இருக்கும் சுவிட்ச்களை நிஜ விமானத்தில் போலவே ஒவ்வொன்றாகப் போட்டால்தான் பிளேன் கிளம்பும். நாம் பக்கத்துக் கதிரையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம்.

"மாமா, இங்க பாருங்க. ஒருத்தரும் சுடல்ல. தானா விழுந்திட்டு" என்றான்.

குளிர்காலம், அடர்ந்த மேகம். அதற்குள் பறந்துகொண்டிருக்கும்போதே வேகம் காட்டும் முள் மெல்ல இறங்கிப் பூச்சியத்துக்கு வந்துவிட்டது. முள்ளை நம்பிய மருமகன், வேகத்தைக் கூட்ட மூக்கைக் கீழே அழுத்தினான். நேரே நிலத்தில் போய் மோதினான். உண்மையில் விமானம் நல்ல வேகத்தில்தான் போயிருக்கிறது. வேகத்தை அளக்கும் சிறு குழாயின் வாயை ஐஸ் அடைத்துவிட்டது. அதைச் சூடாக்க ஒரு சுவிட்ச் உண்டு. அதை அவன் போடவில்லை.

ஏன் போடவில்லை என்று கேட்டோம். "நம்மட நாட்டில எங்க மாமா ஐஸ்?" என்றான்.

அந்தப் பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. நாற்பது வருடங்களுக்கு முன்னர், கிட்டத்தட்ட இதே பதிலை ஒரு நிஜ கொக்பிட்டில் நிஜ விமானி ஒருவர் சொன்னார். அதற்கு முன் ஐஸின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

மேகத்தில் உள்ள தண்ணீர் பூச்சியம் பாகைக்குக் கீழே போனவுடன் உறைந்துவிடும் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மிக நுண்ணிய துளிகள் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை வரையும், சிலவேளை அதற்குக் கீழேயும் தண்ணீராகவே மிதக்கும். ஏதாவது ஒன்றில் பட்டதும் அந்த இடத்திலேயே உறையும். ஒரு போத்தல் சுத்தமான தண்ணீரை அசைக்காமல் ப்ரீஸரில் வைத்து, சரியான நேரத்தில் எடுத்துத் தட்டிப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் கண்முன்னே உறைவதைக் காணலாம். மேகத்துக்குள் நுழையும் விமானந்தான் அந்தத் தட்டு. நம் தலைக்கு மேலேயும் சுமார் 16,000 அடிக்குப் போனால் உறைநிலைதான். ஆகவே "நம்மட நாட்டில எங்க ஐஸ்" என்பது நிலத்துக்கு மட்டுமே பொருந்தும்.

1927 மே மாதம் தனியாக அத்திலாந்திக்கைக் கடந்த லிண்ட்பேர்க்கும் இரவில் மேகத்துக்குள் நுழைந்து, இறக்கையில் ஐஸ் பிடிப்பதைக் கண்டு திரும்பி வெளியேறி, மேகத்தைச் சுற்றித்தான் போனார். பிறகு குட்ரிச் கம்பனியின் இறப்பர் உறைகள் வந்தன. இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டியிருக்கும் இந்த உறைக்குள் காற்றை ஊதினால் அது புடைத்து ஐஸை உடைத்துத் தள்ளும். லூயிஸ் ரோடர்ட் என்ற ஆய்வாளர் வேறு வழியில் போனார். என்ஜினின் சூட்டை இறக்கைக்குள் அனுப்பினால் ஐஸ் பிடிக்கவே பிடிக்காதே என்றார். அதற்காக 1946ஆம் ஆண்டின் கொலியர் விருது அவருக்குக் கிடைத்தது.

இதற்கிடையில் உலக யுத்தம். பர்மா வழியை ஜப்பானியர் அடைத்துவிட, 1942 முதல் 1945 வரை அசாமிலிருந்து சீனாவின் குன்மிங்குக்கு இமயமலைத் தொடருக்கு மேலாகச் சாமான் பறந்தது. 500க்கும் மேற்பட்ட விமானங்கள் அந்தப் பாதையில் தொலைந்தன. அவற்றில் எதிரி சுட்டவை கொஞ்சம்தான். மற்றவற்றை மலையும் புயலும் ஐஸும் கொண்டுபோயின.

இனி அந்தப் பதிலுக்கு வருவோம்.

1982 ஜனவரி 13, வொஷிங்டன். பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. எயார் புளோரிடாவின் போயிங் 737 விமானம் வெயில் மாநிலமான புளோரிடாவுக்குத் திரும்ப வேண்டும். என்ஜின்களை இயக்கியபின் துணை விமானி பட்டியலை ஒவ்வொன்றாக வாசிக்கிறார், தலைமை விமானி பதில் சொல்கிறார். வேகக்குழாய் சூடாக்கி? ஒன். என்ஜின் ஐஸ் தடுப்பு? ஓஃப்.

வெளியே பனிமழை, பதில் ஓஃப். இருவருமே அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வெயில் ஊரில் ஒவ்வொரு நாளும் சரியாக இருந்த பதில் அது. வாய் அதையே சொல்லிவிட்டது. வகுப்பில் வாய்ப்பாடு ஒப்புவிக்கும் பிள்ளைகளிடம் நாம் இதைத் தினமும் பார்க்கிறோம்.

இறக்கைக்கு ஐஸ் நீக்கும் திரவம் அடித்து 49 நிமிடங்கள் கழித்துத்தான் விமானம் ஓடத் தொடங்கியது. அதற்குள் மீண்டும் பனி படிந்துவிட்டது. முன்னால் நின்ற விமானத்தின் சூட்டுப் புகையில் உருகட்டும் என்று நெருங்கியும் நின்றார்கள். செய்யக்கூடாது என்று சொல்லப்பட்ட வேலை அது. ஐஸ் கனமாக இருப்பதுதான் ஆபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். மண்கடதாசி அளவு சொரசொரப்பு இறக்கையில் இருந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையும்.

ஆனால் ஆளை விழுத்தியது இன்னொன்று. என்ஜினின் முன்வாயில் அழுத்தத்தை அளக்கும் நுண்துளையை ஐஸ் அடைத்திருந்தது. ஐஸ் தடுப்பு ஒன்னில் இருந்திருந்தால் அந்த இடம் சூடாகியிருக்கும். அடைபட்ட துளையால் மானி 2.04 என்று காட்டியது. உண்மையான பலமோ 1.70தான். ஓடுபாதையில் ஓடும்போதே துணை விமானிக்குச் சந்தேகம் வந்தது. முன்பு எப்-15 போர் விமானம் ஓட்டியவர் அவர். இது சரியில்லையே என்று ஒருமுறைக்கு மேல் சொன்னார். சரிதான் என்றார் தலைமை விமானி. துணை விமானியும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. (நமது பாடசாலைகளிலும் அதிபர் "சரிதான்" என்றால் பேச்சு முடிந்துவிடும்.)

விமானம் 352 அடிதான் ஏறியது. முப்பது விநாடிகளில் பதினான்காம் வீதிப் பாலத்தில் மோதி, உறைந்த பொட்டோமக் ஆற்றில் விழுந்தது. விமானத்தில் இருந்த 79 பேரில் 74 பேரும், பாலத்தில் வாகனங்களில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். ஐந்து பேர் மட்டும் தப்பினார்கள். ஆர்லண்ட் வில்லியம்ஸ் என்பவர் ஹெலிகொப்டர் இறக்கிய கயிற்றைத் திரும்பத் திரும்ப மற்றவர்களுக்கே கொடுத்தார். அவருக்கு என்று கயிறு வந்தபோது அவர் தண்ணீருக்குள் போயிருந்தார். அந்தப் பாலத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

நம்மைத் தூங்கவிடாத விடயம் ஒன்று உண்டு: என்ஜின்களில் இன்னும் பலம் மிச்சம் இருந்தது. விசையை நேரத்துக்கு முன்னே தள்ளியிருக்கலாம். மானி போதும் என்றதால் அவர்கள் தள்ளவில்லை.

இதையெல்லாம் மருமகனுக்குச் சொல்லி முடிக்க இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டது. உம்மா தூங்கச் சொல்லிக் கத்தினா. அவன் கேட்கவில்லை. மறுபடி கிளம்பினான். இந்த முறை ஒவ்வொரு சுவிட்சையும் வாய்விட்டுச் சொல்லி, விரலால் தொட்டுப் பார்த்து, சூடாக்கியைப் போட்டான். அதே மேகம். முள் அசையவில்லை. மேகத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த இரண்டாவது நிமிடத்தில் எதிரியின் ஏவுகணை பட்டு விழுந்தான்.

"இது பரவாயில்ல மாமா" என்றான்.